முதலில் அந்த டியூபைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து முகத்தில் பரு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு கிரீமை நாலு மாதமாக விட்டுவிட்டுப் போடுகிறாள். போட்டால் பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிறது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்புகிறது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று யூகலிப்டஸ் தைலம் தடவியதில் கன்னம் எரிந்து தோல் உரிந்துவிட்டது. சாக்லேட், வர்க்கி எல்லாம் நிறுத்தியாயிற்று. பனிக்காலத்தில் முகம் வறண்டு வெடிக்கிறது, ஆனாலும் பரு நிற்கவில்லை. உடம்புச் சூடா, ரத்தக் கோளாறா? என்னதான் செய்வது?

பதில்:

அந்த கிரீம் டியூப் வீட்டில் இன்னும் இருக்கும். முதலில் அதைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும் பெயர் நமக்கு வேண்டாம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளோசினோலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோன் என்று இருந்தால், அது தோல் நிறத்தை வெளுக்க வைக்கும் மருந்து. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டுமே இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஏனென்றால் உண்மையான பரு மருந்து எதுவும் பத்து நாளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்காது. எந்த மருந்தாலும் அது முடியவே முடியாது. ஏன் முடியாது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இன்றைக்கு உங்கள் மகளின் கன்னத்தில் தெரிகிற பரு இன்றைக்கு வந்ததல்ல. முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வயதுக்கு வரும் காலத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும். அவை ஆண்களுக்கு மட்டும் உரியவை என்று நினைக்க வேண்டாம், பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. அவை சுரப்பியைப் பெரிதாக்கி எண்ணெயைக் கூட்டுகின்றன. அதே சமயம் அந்தத் துளையின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. இந்த அடைப்பு முதலில் கண்ணுக்கே தெரியாது. அது வளர்ந்து வெளியே தலைகாட்டச் சுமார் எட்டு வாரம் ஆகும். துளையின் வாய் மூடியிருந்தால் வைட்ஹெட், திறந்திருந்தால் பிளாக்ஹெட். பிளாக்ஹெட்டின் கறுப்பு அழுக்கு அல்ல. நம் தோலின் நிறமியும் காற்றுப் பட்ட எண்ணெயும் சேர்ந்த கறுப்பு அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாததற்கு இதுதான் காரணம்.

அடைப்புக்குள் தேங்கிய எண்ணெயை உண்டு பெருகும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. கூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்பது இப்போதைய பெயர், 2016 வரை புரோப்பியோனிபாக்டீரியம் என்று அழைத்தோம். யாரிடமிருந்தும் தொற்றிக்கொண்டது இல்லை. உங்கள் தோலிலும் என் தோலிலும் சும்மா குடியிருப்பதுதான். அடைத்த துளைக்குள் அது பெருகும்போது உடம்பு சண்டைக்கு வருகிறது. சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் கட்டுகிறது. ஆழத்தில் நடந்தால் பட்டாணி போலக் கெட்டியான கட்டி. 12 முதல் 24 வயதுக்குள் சுமார் 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருகிறது. உங்கள் பெண் வகுப்பில் தனியாக இல்லை.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது தெரியுமா? கடைசிக் கட்டமான அந்தச் சண்டையை மட்டும் அமுக்கிவிடுகிறது. சிவப்பு போகும், வீக்கம் வற்றும், ஹைட்ரோகுவினோன் இருந்தால் முகமும் வெளுக்கும். பார்ப்பவர்கள் "என்னம்மா போடுற, முகம் மின்னுதே" என்பார்கள். உள்ளே அடைப்பு அதன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். நிறுத்திய அன்று அமுக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து கிளம்பும். பயந்துபோய் மறுபடி போடுவோம். நாலு மாதம், ஒரு வருஷம் என்று போனால் தோல் மெலிந்து, மெல்லிய சிவப்பு ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். கன்னத்தில் பூனைமுடி வளரும். வெயில் பட்டால் எரியும், அடுப்புப் பக்கம் நின்றால்கூட எரியும். இதற்கென்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு இது நம் நாட்டில் பெருகிவிட்டது. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம் வகைகளை அட்டவணை எச்-சில் சேர்த்தது. அதாவது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்கிறார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் பத்தாவது படிக்கும்போது என் முகமும் இப்படித்தான் இருந்தது. மாமா ஒருவர் கையைப் பிடித்து ஒரு கடைக்கு அழைத்துப்போய், வெள்ளை டியூப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஸ்கூல் குரூப் போட்டோவுக்கு முன்னால் முகம் சரியாகிவிட்டது. மாமாவை அன்றைக்குத் தெய்வமாகப் பார்த்தேன். அடுத்த இரண்டு வருஷம் நான் பட்டது வேறு கதை. இன்றைக்குக் குன்னூரில் உட்கார்ந்து தோல் மருத்துவம் பார்க்கிறேன் என்றால் அதில் அந்த டியூபுக்கும் பங்கு உண்டு.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்? டியூபில் ஸ்டீராய்டு இருந்தால் இனி புதிது வாங்க வேண்டாம். ஆனால் நாலு மாதம் போட்டிருப்பதால், ஒரேயடியாக நிறுத்தும் முன் தோல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவதா, உடனே நிறுத்துவதா என்பது டியூபில் என்ன இருந்தது, தோல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எப்படி நிறுத்தினாலும் ஓரிரு வாரத்தில் முகம் சிவந்து, எரிந்து, பரு கொத்துக்கொத்தாக வரக்கூடும். சில பேருக்கு இது மாதக்கணக்கில் இழுக்கும். இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மூன்றாவது வாரம் ரகசியமாக அதே டியூபை எடுப்பாள். எடுக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

தைலத்துக்கு வருவோம். நம் ஊரில் கற்பூர மரம் என்று சொல்கிற யூகலிப்டஸின் எண்ணெயில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். மூக்கடைப்புக்கு வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்கலாம், முழங்காலில் தேய்க்கலாம். அதை அப்படியே முகத்தில் தடவினால், ஏற்கெனவே ஸ்டீராய்டால் மெலிந்த தோல் புண்ணாகத்தான் செய்யும். ஊட்டிக் கடைகளில் அதற்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் விண்டர்கிரீன் எண்ணெயும் அப்படித்தான், அது வலிக்குத் தேய்ப்பது. இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். 'டீ ட்ரீ ஆயில்' என்று ஒன்று விளம்பரத்தில் வருகிறது இல்லையா? அது ஆஸ்திரேலியாவின் மெலலூக்கா என்ற மரத்திலிருந்து எடுப்பது. யூகலிப்டஸுக்கு அது சொந்தக்கார மரம்தான், ஆனால் எண்ணெய் வேறு. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் சோதித்தபோது, அதை 5 சதவீத ஜெல்லாகப் போட்டவர்களுக்கும் பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தைப் போட்டவர்களைப் போலவே பரு குறைந்தது, ஆனால் மெதுவாக. அதுவும் ஜெல்லில் கலந்து வீரியம் குறைத்தது, நேரடி எண்ணெய் அல்ல. நம் தேயிலைக்கும் அந்த டீ ட்ரீக்கும் எந்த உறவும் இல்லை. ஓர் எஸ்டேட் அம்மா பச்சைக் கொழுந்தை அரைத்து மகனுக்குப் பற்றுப் போட்டுவிட்டு, "டீ ட்ரீதானே சார் இது, நம்ம தோட்டத்துலயே இருக்கே" என்றார். பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நல்லவேளை, தேயிலைப் பற்றால் ஒன்றும் கெடவில்லை.

உடம்புச் சூடா என்று கேட்டிருந்தீர்கள். சூட்டால்தான் பரு என்றால் ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும்போது ஊட்டியில் ஒருவருக்கும் பரு இருக்கக் கூடாது. என் கிளினிக்கில் அந்த மாதம்தான் கூட்டம். கீழே கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைகளுக்கு அங்கே போனதும் அதிகமாகிறது என்பது உண்மை. வியர்வையும் புழுக்கமும் துளைகளை இன்னும் அடைக்கும். அது வெளியில் உள்ள வெப்பம் செய்யும் வேலை. வயிற்றுக்குள் ஒரு சூடு மூண்டு முகத்தில் பொங்குகிறது என்பதில்லை. ரத்தம் கெட்டுப்போய்விட்டது என்பதும் அப்படித்தான். ரத்தசுத்தி மருந்து என்று விற்கும் பொடிகளுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு நல்ல மாய்ஸ்சரைசர் வாங்கலாம். தினமும் வயிறு சுத்தமாகப் போனால் நல்லதுதான், ஆனால் பருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாக்லேட் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது, அதிலும் ஹோம்மேட் சாக்லேட் தெருவுக்குத் தெரு விற்கும் நம் மாவட்டத்தில். 1969இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கட்டியும், சாக்லேட் போலவே செய்த ஒரு போலிக் கட்டியும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசமே இல்லை என்று முடிவு வந்தது. பல வருஷம் மருத்துவப் புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்றே எழுதின. அந்தச் சோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. போலிக் கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவு. அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியும்? 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 வாரம் சர்க்கரையைச் சட்டென்று ரத்தத்தில் ஏற்றாத சாப்பாடாகக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. ரத்தத்தில் சர்க்கரை குபீரென்று ஏறினால் இன்சுலின் ஏறும், அது எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும். ஆகவே குற்றவாளி கோக்கோ என்பதைவிட சர்க்கரையும் மைதாவும் என்று சொல்வேன். பால் அதிகம் குடிப்பவர்களுக்குப் பரு கூடுதல் என்று பல கணக்கெடுப்புகள் காட்டுகின்றன, அது காரணம்தானா என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஜிம்முக்குப் போகும் அண்ணன்கள் பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடி கலக்குகிறார்கள் என்றால் அதை நிறுத்திப் பார்க்கச் சொல்வேன்.

உங்கள் மகளுக்கு வரும் பருவுக்கு இதெல்லாம் கால்வாசிக் காரணம்கூட இருக்காது. சாயங்காலம் டீயோடு ஒரு வர்க்கி சாப்பிட்டால் சாப்பிடட்டும். தினமும் நாலு வேண்டாம், டீயில் சர்க்கரையைக் குறைக்கலாம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, "நீ தின்னதாலதான் வந்துச்சு" என்று சொல்வது எனக்குப் பிடிக்காத காரியம்.

கேரட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கேத்தி பாலாடா பக்கமிருந்து வரும் அம்மாக்கள் தவறாமல் கேட்பது இது: பருவுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கிறீர்களே, அதற்குப் பதில் கேரட்டே கொடுக்கலாமா? மருந்து வைட்டமின் ஏ வழி வந்தது என்பது சரி. ஆனால் கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின், உடம்பு தனக்கு வேண்டிய அளவு மட்டும்தான் அதை வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். கூடை கூடையாகத் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும், பரு அப்படியே இருக்கும். கேரட்டைப் பொரியலுக்கு வையுங்கள். வைட்டமின் ஏ மாத்திரையை அதிக அளவில் தானாக வாங்கிச் சாப்பிடுவது மட்டும் ஆபத்து. ஈரலைக் கெடுக்கும்.

இனி நம் மலைக்கே உரிய சங்கடங்கள். கீழே உள்ள டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் அதே மருந்து இங்கே எரிச்சல் தருவதற்குக் காரணம் குளிர்காற்று. ஈரமில்லாத பனிக்காற்றில் தோல் நீரை இழக்கிறது. நாம் அதன் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். நல்ல தோலின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஐந்தரைக்குப் பக்கம், சாதாரணக் கட்டி சோப்பு ஒன்பது பத்து. முகம் வெடிக்காமல் என்ன செய்யும்? எண்ணெய் வடியும் முகத்துக்கு எதற்கு மாய்ஸ்சரைசர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. முகத்தில் எண்ணெய் இருந்துகொண்டே தோல் வறண்டும் போகலாம், உங்கள் மகளுக்கு நடப்பது அதுதான். கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில், நுரை குறைவான மென்மையான ஃபேஸ்வாஷால், காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. அதற்கு மேல் வேண்டாம். ஈரம் காயும் முன்பே மாய்ஸ்சரைசர். அட்டையில் 'நான் காமெடோஜெனிக்' என்று போட்டிருப்பதாகப் பாருங்கள், துளையை அடைக்காதது என்று அர்த்தம். ஸ்கிரப், எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா எதுவும் முகத்துக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் பாட்டிலுக்குள் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும். அடுப்போரம் உருக்கி, தலையில் வழிய வழியத் தேய்த்து, மிச்சக் கையை முகத்தில் துடைப்பது பழக்கம். நெற்றி ஓரமாக, முடி தொடங்கும் இடத்தில் பொடிப்பொடியாகப் பரு இருந்தால் பெரும்பாலும் காரணம் தலை எண்ணெய்தான். தலைக்கு வைப்பதை ராத்திரி வைக்காமல் குளிக்கும் முன் ஒரு மணி நேரம் வைத்து அலசிவிடட்டும். அதேபோல மங்கிக் குல்லா, மஃப்ளர். நெற்றியையும் தாடையையும் அழுத்தி உரசும் இடத்தில் பரு கூடும். கம்பளிக் குல்லாவை மாதக்கணக்கில் துவைக்காமல் போடுவது நம் ஊர்ப் பழக்கம்தானே? உள்ளே ஒரு பருத்தித் துணி வைத்து, வாரம் ஒருமுறை துவைத்தால் போதும்.

வெயில்தான் பெரிய விஷயம், யாரும் நம்புவதில்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர், ஆகவே கடலோர ஊரைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். குளிர்ச்சியாக இருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. மேகம் மெல்லியதாக இருந்தால் கதிர்களில் பெரும்பகுதி அதைத் தாண்டி வந்துவிடும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறியபின் விழும் கறுப்புத் தழும்பு இந்த வெயிலில் இன்னும் ஆழமாகப் பதியும். பல பேருக்கு உண்மையான வருத்தமே பருவைவிட அந்தக் கறுப்புதான். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள ஜெல் வகை சன்ஸ்கிரீனைப் பள்ளிக்குப் புறப்படும் முன், மஞ்சு மூடிய நாளிலும் போட வேண்டும்.

மருந்துக்கு வருவோம். ஸ்டீராய்டு எரிச்சல் அடங்கும் வரை இரண்டு மூன்று வாரம் ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும். தைலத்தால் உரிந்த இடம் முழுக்க ஆறியிருக்க வேண்டும். அதன் பிறகு நான் பெரும்பாலும் தொடங்குவது இரண்டு மருந்து. ஒன்று, அடபலீன் 0.1 சதவீத ஜெல். துளைக்குள் செல்கள் ஒட்டிக்கொள்வதை, அதாவது எட்டு வாரத்துக்கு முந்தைய அந்த விதையைத் தடுப்பது இதுதான். ராத்திரி மட்டும், ஒரு பட்டாணி அளவு முகம் முழுவதற்கும். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, அடுத்த பரு எந்தத் துளையில் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாதே. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். பனிக்காலத்தில் நான் மாய்ஸ்சரைசருக்கு மேலேதான் போடச் சொல்கிறேன், எரிச்சல் குறையும். உதட்டு ஓரம், மூக்கு ஓரம், கண் அருகே வேண்டாம். கர்ப்பிணிகள் இதைப் போடக் கூடாது.

இன்னொன்று பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதம். பாக்டீரியாவைக் கொல்லும், அதற்கு எதிராகப் பாக்டீரியாக்கள் பழகிக்கொள்வதும் இல்லை. 10 சதவீதம் வாங்கினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்காதீர்கள். பலன் கிட்டத்தட்ட அதேதான், எரிச்சல் மட்டும் கூடும். துணியில் பட்டால் சாயம் போய்விடும். தலையணை உறை, துண்டு, யூனிஃபார்ம் காலர், பாட்டியின் கம்பளி எதையும் விடாது. வெள்ளைத் துண்டு ஒன்றைத் தனியாக வைத்துவிடுங்கள். அடபலீனோடு இதைச் சேர்த்தே போடலாம். அடபலீனுக்குப் பதில் ட்ரெட்டினாயின் கொடுத்திருந்தால் அதை ராத்திரியும் இதைக் காலையிலும் பிரித்துப் போட வேண்டும்.

முதல் மாதம் நன்றாக இருக்காது. தோல் உரியும், உள்ளே இருந்தவை சில மேலே வரும். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய மறுநாள் பார்த்தால் தோட்டமே செத்துப்போன மாதிரி இருக்கும், அதைப் பார்த்து எந்தத் தோட்டக்காரரும் செடியைப் பிடுங்குவதில்லை. கொழுந்துக்குப் பொறுப்பது போல இதற்கும் 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். அதற்கு முன்னால் "இந்த மருந்து கேட்கல" என்று டாக்டரை மாற்றினால், எந்த டாக்டரிடமும் குணமாகாது. பரு நின்ற பிறகும் அடபலீனை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும்.

கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மட்டும் போடக் கூடாது, பாக்டீரியா சீக்கிரம் பழகிக்கொள்ளும். சீழும் சிவப்பும் அதிகமாக இருந்தால் டாக்சிசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுப்போம், மூன்று நாலு மாதத்துக்கு மேல் போகாமல். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வெயிலில் முகம் எரியும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடச் சொல்லுங்கள்.

இதற்கும் மசியாத, பள்ளம் விழும் கட்டிப் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் இருக்கிறது. அமெரிக்காவில் 1982இல் அனுமதி பெற்றது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் மருந்து, நாற்பது வருஷமாக இதற்கு இணையாக ஒன்று வரவில்லை. முழு அளவில் கொடுத்தால் கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் என்பது கணக்கு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 6,000 முதல் 7,500 மில்லிகிராம், பல மாதங்களில் பிரித்து, சாப்பாட்டோடு. உதடு வெடிக்கும், நம் குளிரில் ரொம்பவே வெடிக்கும், பையில் எப்போதும் லிப் பாம் இருக்க வேண்டும். ஈரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டாக்சிசைக்கிளினோடு சேர்க்கவே கூடாது, மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், இதைச் சாப்பிடும்போதோ நிறுத்தி ஒரு மாதத்துக்குள்ளோ கரு உண்டானால் குழந்தையின் இதயம், மூளை, முகம் கடுமையாகப் பாதிக்கப்படும். பிளஸ் டூ பிள்ளையிடம் இதைச் சொல்லக் கூச்சப்படும் அம்மாக்கள் உண்டு. நான் கூச்சப்படாமல் சொல்லிவிடுவேன், நீங்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது. தோழியின் மாத்திரையை வாங்கிப் போடுவதும், மாத்திரை போடும் நாட்களில் ரத்த தானம் செய்வதும் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது, தாடை ஓரமாகவே பரு வருகிறது, மேலுதட்டிலும் மோவாயிலும் முடி தடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை, ஹார்மோன் கோளாறு இருக்கலாம். அப்போது முகத்தில் மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, மகளிர் மருத்துவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, எல்லாம் ஒரே அளவில் கடுகு கொட்டியது போல இருந்து, அரிப்பும் இருந்தால் அது பருவே அல்ல, பூஞ்சையாக இருக்கலாம். ஸ்டீராய்டு போட்ட முகத்தில் அதற்கும் வாய்ப்பு உண்டு. மருந்தும் வேறு.

கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் தானாக மங்கும், அசெலாயிக் அமிலக் கிரீம் போட்டால் சீக்கிரம். பள்ளம் வேறு. அது கிரீமில் நிரம்பாது, பரு முழுவதும் நின்ற பிறகு மைக்ரோநீட்லிங், லேசர் என்று பார்க்கலாம். அதற்கெல்லாம் பெரும்பாலும் கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருக்கும். பள்ளமே விழாமல் தடுக்க மகளால் முடிந்த ஒரே காரியம், கையை முகத்திலிருந்து எடுப்பது. கிள்ளினால் சீழில் பாதி வெளியே வரும், பாதி உள்ளே வெடித்துப் பரவும். படிக்கும்போது தன்னையறியாமல் கிள்ளுகிறாள் என்றால் அந்த இடத்தில் மருந்துக் கடையில் கிடைக்கும் சின்ன பிம்பிள் ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள், கை போகாது.

பருவோடு காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் பையன்களுக்கு அபூர்வமாக வருவது, ஆனால் காத்திருக்கக் கூடியது அல்ல. அதேபோல மகள் பள்ளிக்குப் போக மறுத்தால், கண்ணாடியைத் திருப்பி வைத்தால், யாரிடமும் பேசாமல் அறைக்குள்ளேயே இருந்தால், அதையும் அவசரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று வீட்டுக்கு வருபவர்கள் சொல்லும்போது அவள் பக்கத்தில் நின்று பேச்சை மாற்றிவிடுங்கள். மனம் ரொம்ப உடைந்திருந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கப்பட்டுவிட்டது, அங்கே காட்டலாம். நான் மேலே சொன்ன மருந்துகளில் பெரும்பாலானவை மலிவான ஜெனரிக் வகையிலும் கிடைக்கும். போகிற அன்று முகத்தில் பவுடர் வேண்டாம். கிளம்பும் முன் ஜன்னல் ஓரத்தில் வைத்து நேராக ஒரு போட்டோ, இரண்டு கன்னத்துக்கும் ஒவ்வொரு போட்டோ எடுத்து வையுங்கள். 12 வாரம் கழித்து அதே ஜன்னலில், அதே நேரத்தில், அதே மாதிரி வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். மஞ்சு இறங்கிய நாளில் எடுத்த போட்டோவில் எல்லா முகமும் நன்றாகத்தான் தெரியும், அதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. இதுவரை போட்ட எல்லா டியூபையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். தைலம் உட்பட, காலியானவை உட்பட.